கடைசி பெஞ்சும் பேச: மொழிப்பாடத்தில் இணையவழிக் கலந்துரையாடல்

திருநெல்வேலிப் பக்கம், பாளையங்கோட்டையிலோ பேட்டையிலோ ஒரு கல்லூரியின் முதலாண்டுத் தமிழ் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். 60 பேர். வருகைப்பதிவு போக மிச்சம் 45 நிமிடம். ஆளுக்கு ஒரு நிமிடம் பேசவைத்தாலும் 15 பேருக்கு முறை வராது. நடப்பில் முன்பெஞ்சில் நான்கைந்து பேர் பதில் சொல்வார்கள்; திசையன்விளை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த பிள்ளை கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொள்ளும். அதற்குச் சொல்ல எதுவும் இல்லாமல் இல்லை. யோசித்து முடிப்பதற்குள் கேள்வி அடுத்த ஆளிடம் போய்விடுகிறது.

அமெரிக்கப் பள்ளிகளின் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த மேரி பட் ரோ, 1970களில் இதை விநாடிக் கணக்காகவே சொன்னார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி. அதை 3 விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீளமாயின, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இணையவழிக் கலந்துரையாடல் அந்த 3 விநாடியை 3 நாளாக்குகிறது. ஆசிரியர் எழுத்தில் ஒரு கேள்வி வைக்கிறார்; மாணவர்கள் அவரவருக்கு வசதியான நேரத்தில் எழுதுகிறார்கள்; பிறகு ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் மறுமொழி எழுதுகிறார். எல்லாரும் ஒரே நேரத்தில் திரை முன்னால் கூடும் கூகுள் மீட் வகுப்பிலிருந்து இது வேறு. அங்கேயும் மைக்கைப் பிடிப்பது முன்பெஞ்சுதான்.

மொழி வகுப்பில் இதனால் என்ன வருகிறது, என்ன வருவதில்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சு வகுப்புகளை வைத்து ரிச்சர்ட் கெர்ன் 1995இல் வெளியிட்ட ஆய்வில், வாய்ப்பேச்சைவிடக் கணினி உரையாடலில் மாணவர்கள் இரண்டு முதல் மூன்றரை மடங்கு அதிகமுறை பங்கெடுத்திருந்தார்கள். ஆனால் இலக்கணச் சுத்தம் கூடவில்லை. அடுத்த ஆண்டு மார்க் வார்சவர், ஆங்கிலம் கற்ற 16 மாணவர்களை நேர்ப்பேச்சிலும் கணினியிலும் மாற்றி மாற்றிப் பேசவைத்துப் பார்த்தார். கணினியில் பங்கேற்பு சமமாகப் பரவியது, சொற்களும் வாக்கியங்களும் செறிவாக இருந்தன. இரண்டு ஆய்விலும் மாணவர்கள் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்து பேசினார்கள், ஆகவே நாள்கணக்கில் நடக்கும் உரையாடலுக்கு அதே எண்களைப் பொருத்தக் கூடாது. திசை மட்டும் ஒன்றுதான்: பேசுபவர் எண்ணிக்கை கூடும், பிழை தானாகக் குறையாது. பிழை திருத்துவதற்காக இதைத் தொடங்குகிறவர்கள் இரண்டாம் வாரத்திலேயே சலித்துப்போவார்கள்.

கேள்வியில்தான் எல்லாம்

பெரும்பாலான முயற்சிகள் கெடுவது செயலியால் அல்ல, கேள்வியால். "நகரமயமாதல் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் 60 பேரும் ஒரே கட்டுரையை எழுதுவார்கள். அவற்றுக்கு வரும் மறுமொழி "அருமை தோழி", "சூப்பர் நண்பா". இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்தவர் எழுதியதை வாசிக்க அவர்களுக்கு அங்கே ஒரு காரணமும் இல்லை.

ஆகவே கேள்வி எழுதும்போது, ஒவ்வொருவரும் முதலில் எழுதும் தொடக்கப் பதிவை விட்டுவிட்டு, மறுமொழியிலிருந்து தொடங்குங்கள். மற்றவர் சொன்னது தெரியாமல் ஒருவரால் முடிக்கமுடியாத வேலை எது? மொழி கற்பித்தலில் இதைத் தகவல் இடைவெளி என்பார்கள். என்னிடம் ஒரு துண்டு இருக்கிறது, உங்களிடம் வேறொரு துண்டு இருக்கிறது, சேர்த்தால்தான் விடை. நெல்லைச் சீமையில் இந்த இடைவெளியைச் செயற்கையாக உண்டாக்கத் தேவையில்லை. ஒரே வகுப்பில் அம்பாசமுத்திரத்து நஞ்சைக்காரரும் சாத்தான்குளத்துத் தேரிக்காட்டுக்காரரும் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காரரும் உவரிக் கடற்கரைக்காரரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

குறுந்தொகையின் 40ஆம் பாட்டு பாடத்தில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். "செம்புலப் பெயல்நீர் போல" என்ற உவமையின் நயத்தை விளக்கச் சொன்னால் கோனார் நோட்ஸ் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "உங்கள் ஊர் மண்ணின் நிறம் என்ன? முதல் மழை அதில் விழுந்தால் நீருக்கு என்ன ஆகிறது, மண்ணுக்கு என்ன ஆகிறது? பார்த்ததை 5 வரியில் எழுதுங்கள். அந்த மண்ணை வைத்துப் பாடியிருந்தால் உவமை நின்றிருக்குமா?" தேரியின் செம்மணலில் நீர் நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். கரிசல் நீரைக் குடித்து உப்பி, காலில் அப்பிக்கொள்ளும். ஆற்றுப் படுகை வண்டலில் நீர் கலங்கி நிற்கும். அடுத்த படி: "உங்கள் மண்ணோடு பொருந்தாத மண்ணைப் பற்றி எழுதிய ஒருவரைத் தேடி, கலந்தபின் பிரிக்கமுடியாதது என்ற பொருள் அவர் மண்ணில் நிற்கிறதா என்று அவரிடமே கேளுங்கள்." இங்கே "அருமை தோழி" என்று எழுதித் தப்பமுடியாது. நிறம் மாறுவது நீர்தானே, மண் மாறுவதில்லையே, அப்படியானால் இது சமமான கலப்பா என்று யாராவது ஒருவர் கேட்டுவிட்டால், அந்தப் பாட்டுக்கு அதைவிடப் பெரிய உரை தேவையில்லை.

ஆங்கில வகுப்புக்கும் இதே கணக்கு. "மை வில்லேஜ்" என்று கட்டுரை கேட்பதற்குப் பதிலாக: வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் வந்திறங்கும் தமிழ் தெரியாத ஒருவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வர வழி எழுதுங்கள். மறுமொழி எழுதுபவர் அந்த வழியில் மனத்துக்குள் நடந்து பார்த்து, எந்த இடத்தில் வழி தவறினோம் என்று சொல்ல வேண்டும். முதலில் எழுதியவர் அந்த வரியைத் திருத்தி மறுபடி போட வேண்டும். இங்கே பிழையைக் காட்டிக்கொடுப்பது சிவப்பு மை இல்லை. வழி தவறிய வாசகர். இலக்கணத்தைவிட இது உறைக்கும்.

எங்கே நடத்துவது

வாட்ஸ்அப் குழு ஏற்கெனவே இருக்கிறதே, அதிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றும். வேண்டாம். 60 பேரின் பதில்களும் ஒரே ஓடையில் ஓடுவதால் யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பது அரை மணி நேரத்தில் மறைந்துவிடும். நடுவே பஸ் பாஸ், ஃபீஸ், காலை வணக்கம் எல்லாம் வரும். இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. குழுவில் சேர்ந்த எல்லாருக்கும் எல்லாருடைய தொலைபேசி எண்ணும் தெரிகிறது. மாணவிகளின் எண் அப்படிப் பரவுவதை வீட்டில் விரும்பமாட்டார்கள், அவர்கள் விரும்பாதது நியாயமும்கூட. அறிவிப்புக்கு மட்டும் வாட்ஸ்அப்பை வைத்துக்கொள்ளுங்கள்: "கேள்வி போட்டாயிற்று", "நாளை கடைசி நாள்".

கல்லூரியில் கூகுள் கிளாஸ்ரூம் இருந்தால் அதில் ஒப்படைப்பாகப் போடாமல் "கேள்வி" என்ற வகையைத் தேர்ந்து, குறுவிடை என்று வைத்து, மாணவர்கள் ஒருவருக்கொருவர் பதில் எழுதலாம் என்ற தெரிவை இயக்குங்கள். தன் விடையைக் கொடுத்த பிறகே மற்றவர் விடை தெரியும்.

இன்னும் ஏற்றது மூடில் (Moodle) என்ற இணையவழிப் பாட மென்பொருள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியமாஸ் தொடங்கியது, முதல் பதிப்பு 2002இல் வந்தது, கட்டற்ற மென்பொருள். நிறுவ ஒரு சர்வரும், கவனித்துக்கொள்ளக் கணினித் துறையில் ஓர் ஆளும் வேண்டும். கலந்துரையாடலுக்கான அதன் மன்றத்தில் (ஃபோரம்) பல வகை உண்டு. அவற்றில் "கேள்வி-பதில்" வகையைத் தேர்வு செய்யுங்கள். மாணவர் தன் பதிவை இட்டு, அதைத் திருத்துவதற்கான நேரம் முடிந்த பிறகுதான் மற்றவர் பதிவுகள் அவர் கண்ணுக்குத் தெரியும். அமைப்பில் மாற்றாவிட்டால் அந்த நேரம் 30 நிமிடம். இதைச் சொல்லிவைக்காவிட்டால், "நான் போட்டாச்சு, ஒண்ணுமே தெரியல சார்" என்று அன்றிரவே பத்துப் பேர் கூப்பிடுவார்கள். முதலில் எழுதியவரைப் பார்த்து மற்ற 59 பேரும் எழுதும் வியாதிக்கு இந்த ஒரு தெரிவே முக்கால் மருந்து.

60 பேரை ஒரே இடத்தில் விடாதீர்கள். பத்துப் பேராக 6 குழு. ஆளுக்கு 100 சொல் என்றால் மற்ற ஒன்பது பேர் எழுதியதை வாசிக்க 900 சொல், பத்து நிமிட வேலை. குழு ஐந்தாறு பேராகச் சிறுத்தால், இரண்டு பேர் ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனாலே பேச்சு அற்றுவிடும். 15ஐத் தாண்டினால் யாரும் முழுதாக வாசிப்பதில்லை. குழுவை வருகைப்பதிவு வரிசையில் பிரிக்காமல் ஊர் கலந்து பிரியுங்கள். ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரே குழுவில் இருந்தால் பேச்சு பஸ்ஸிலேயே முடிந்துவிடும்.

தட்டச்சு என்ற முதல் முட்டுக்கட்டை

தமிழ் வகுப்புக்கு மட்டும் உரிய சிக்கல் இது. மாணவர்கள் நாளெல்லாம் தட்டச்சு செய்கிறார்கள், ஆனால் தமிழை ஆங்கில எழுத்தில். அதை முதல் நாளிலிருந்தே நிறுத்துங்கள். ல, ள, ழ மூன்றும் ரோமன் எழுத்தில் பெரும்பாலும் ஒன்றாகிவிடுகின்றன; ன, ண, ந மூன்றும் அப்படியே. செல்பேசி விசைப்பலகை ஆங்கில ஒலியிலிருந்து தமிழுக்கு மாற்றித் தரும்போது பள்ளியைப் பல்லியாகவும், மணத்தை மனமாகவும், அறையை அரையாகவும் அதுவே ஊகித்து நீட்டும். முதல் பரிந்துரையைத் தொட்டுவிட்டுப் போகிறவரின் பதிவில் பிழை மலிந்திருக்கும். அது அவர் அறியாமையா, செல்பேசியின் ஊகமா என்று உங்களுக்கும் தெரியாது.

ஆகவே முதல் வாரம் பாடமே வேண்டாம். தமிழ் விசைப்பலகையை நிறுவச் சொல்லுங்கள். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பு பழகச் சில நாள் எடுக்கும், பழகியபின் விரல் தானே ஓடும். ஒரு செமஸ்டருக்கு மட்டும்தான் என்றால் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையும் போதும், பரிந்துரைகளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் பார்த்துத் தொடும் பழக்கம் வந்தால் சரி. பயிற்சிக்கு ஓர் எளிய கேள்வி: "உங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு, வழியில் எத்தனை நிறுத்தம்?" மதிப்பெண் இல்லை. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பிலிருந்து வெட்டி ஒட்டினால் திரையில் ரோமன் எழுத்துக் குப்பையாகத் தெரியும், ஒருங்குறியில் (யூனிகோடு) அடித்தால்தான் தமிழாக வரும் என்பதையும் இந்த வாரத்திலேயே காட்டிவிடலாம். தாளில் எழுதிப் படம் எடுத்துப் போடுவதை ஒருபோதும் ஏற்காதீர்கள். படத்தில் உள்ள வரியை எடுத்துக்காட்டி யாராலும் மறுமொழி எழுதமுடியாது.

எந்தத் தமிழ்?

தொடக்கப் பதிவு எழுத்துத் தமிழில், மறுமொழி பேச்சு வழக்கிலும் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. மறுமொழி என்பது பேச்சுக்குப் பக்கத்தில் நிற்பது. "நீ சொல்லுதது சரிதான், ஆனா எங்க ஊர்ல அப்படி இல்ல" என்று எழுத விட்டால் கை ஓடும். அதையே செந்தமிழில்தான் எழுத வேண்டும் என்றால் "நன்று" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடும்.

இந்தப் பேச்சு வழக்கு இலக்கண வகுப்புக்குத் தீனியாகவும் ஆகும். "அப்பா வாராவ", "எல்லாரும் வாராவ" இரண்டும் மறுமொழியில் வந்திருக்கும். இவற்றை எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒன்று "வருகிறார்", மற்றொன்று "வருகிறார்கள்". நெல்லைப் பேச்சில் மரியாதை ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம் நிற்பதை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். "சொல்லுதேன்" என்பதன் நிகழ்காலம் பாடநூலின் "சொல்கிறேன்" என்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று அடுத்து கேட்கலாம். இடையன்குடியில் வாழ்ந்து 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லின் ஊரும் இதே சீமைதான். மொழியை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு இங்கே பஞ்சமில்லை.

ஓர் எச்சரிக்கை. வட்டாரச் சொல் கேட்கும்போது "உங்கள் வீட்டில் அத்தையை எப்படிக் கூப்பிடுவீர்கள்" என்று கேட்காதீர்கள். உறவுமுறைச் சொல், சமையல் சொல், தெருப் பெயர் மூன்றும் இந்தப் பக்கத்தில் சாதியையும் மதத்தையும் காட்டிக்கொடுக்கும். அதை எழுத்தில் பதிந்து பத்துப் பேர் முன் வைக்கச் சொல்வது பெரிய தவறு. பயிர், மண், மழை, மீன், பஸ், கடை, நேரம் பற்றிய சொற்களைக் கேளுங்கள். "அதிகாலையில்" என்பதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்றால் "வெள்ளன" வரும், சண்டை வராது.

நாளும் நேரமும்

இரு வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். 15 வாரம் ஓடும் செமஸ்டரில் பயிற்சி வாரம் போக 5 சுற்று வசதியாக வரும். திங்கள் வகுப்பில் கேள்வி. வியாழன் இரவு 9 மணிக்குள் 80 முதல் 120 சொல்லில் தொடக்கப் பதிவு. ஞாயிறு இரவு 9 மணிக்குள் இரண்டு மறுமொழி, ஒவ்வொன்றும் 40 முதல் 60 சொல். கெடு இரண்டாக இருப்பதுதான் இங்கே உயிர்நாடி. ஒரே கெடு வைத்தால் எல்லாரும் ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு எழுதுவார்கள், மறுமொழி எழுத யாருடைய பதிவும் இருக்காது. நள்ளிரவுக்குப் பதில் 9 மணி ஏன் என்றால், பல வீடுகளில் செல்பேசி ஒன்றுதான். தம்பிக்கும் அது வேண்டும். எழுத்துக்கு டேட்டா மிகக் குறைவாகவே ஆகும், வீடியோ இணைக்கச் சொல்லிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாட்காட்டியையும் பாருங்கள். பங்குனி உத்திரத்தன்று பாதி வகுப்பு சாஸ்தா கோயிலில் இருக்கும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அதுபோன்ற நாட்களில் மின்சாரமும் டவரும் இருக்காது. அப்போது கெடுவைத் தானாக ஒரு வாரம் தள்ளும் விதியை முதல் நாளே அறிவித்துவிட்டால், ஒவ்வொருவரும் தனித்தனியாக விளக்கம் எழுத வேண்டியதில்லை.

ஆசிரியர் எவ்வளவு பேசுவது? கொஞ்சம்தான். வியாழன் வரை வாயே திறக்கக் கூடாது. ஆசிரியர் ஒரு கருத்துச் சொல்லிவிட்டால் அதுவே சரியான விடை என்று கொண்டு மற்றவர்கள் பேச்சை முடித்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை குழுவுக்கு ஒன்றாக ஆறு பதிவு போடுங்கள், ஆறும் கேள்வியாக இருக்கட்டும். மிகவும் பயன்படுவது முட்டவிடும் கேள்வி: "சுரண்டைக்காரர் சொன்னதும் உவரிக்காரர் சொன்னதும் ஒன்றோடொன்று இடிக்கிறதே, இருவரும் என்ன சொல்கிறீர்கள்?"

வாசிக்கும் சுமையை முன்கூட்டியே கணக்கிடுங்கள். 60 பேர், ஆளுக்கு ஒரு பதிவும் இரண்டு மறுமொழியும் என்றால் 180 பதிவு, ஏறத்தாழ 12,000 சொல். நான்கு வகுப்பு எடுப்பவருக்கு 48,000. யாராலும் ஆகாது. ஒரே வாரத்தில் இரண்டு வகுப்புக்கு மேல் சுற்று வைக்காதீர்கள்; ஒரு சுற்றில் இரண்டு குழுவை மட்டும் முழுதாக வாசித்து, மற்ற நான்கை மேலோட்டமாகப் பாருங்கள். அடுத்த சுற்றில் வேறு இரண்டு. எந்தக் குழு எப்போது என்பதை மாணவர்களிடம் சொல்ல வேண்டாம்.

பிழைகளை உரையாடலுக்குள்ளேயே திருத்தினால் மறுநாள் அந்தப் பிள்ளை எழுதாது. பல பதிவுகளில் பொதுவாக வரும் ஐந்து பிழைகளைப் பெயர் சொல்லாமல் குறித்து வைத்து, திங்கள் வகுப்பில் கரும்பலகையில் எழுதுங்கள். தமிழில் பெரும்பாலும் ஒற்றுப் பிழை. ஆங்கிலத்தில் "டிஸ்கஸ் அபவுட்", "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" வகை. அதே வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி, இரண்டு மறுமொழிகளை எழுதியவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் பேசப்படாத கலந்துரையாடல் மூன்றாம் சுற்றில் செத்துவிடும். யாரும் கேட்காத இடத்தில் பேச யாருக்குத்தான் பிடிக்கும்?

மதிப்பெண்

மதிப்பெண் இல்லாவிட்டால் எழுதமாட்டார்கள், மதிப்பெண் பெரிதானால் பயந்து எழுதுவார்கள். இன்டர்னல் 25இல் அசைன்மெண்டுக்கு ஒதுக்கிய 5ஐ இதற்குத் திருப்பிவிடத் துறையில் ஒப்புதல் வாங்குங்கள். சுற்றுக்கு 5: கெடுவுக்குள் எழுதியதற்கு 1, பாடத்திலிருந்தோ கண்ணால் பார்த்ததிலிருந்தோ சான்று காட்டியதற்கு 2, மற்றவர் சொன்னதை எடுத்துக்கொண்டு அதன்மேல் ஒன்றைச் சேர்த்த மறுமொழிக்கு 2. எழுத்துப்பிழைக்குக் கழிவு இல்லை. ஐந்து சுற்றில் சிறந்த நான்கின் சராசரி போதும். ஒரு கொடை, ஒரு காய்ச்சல் அதில் அடங்கிவிடும்.

சாட்ஜிபிடி போன்ற செயலியில் கேட்டு ஒட்டுவது பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள். அதைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி ஒரு பிள்ளையைத் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள், அவை தவறும். ஒட்டிய பதிவில் ஊர் இருக்காது, மண்ணின் நிறம் இருக்காது, எல்லாப் பக்கமும் சமமாக ஆமோதிக்கும். சான்றுக்கான 2 மதிப்பெண் அங்கேயே போய்விடுகிறது. சந்தேகம் மிஞ்சினால் திங்கள் வகுப்பில் அந்தப் பதிவை எழுதியவரையே கூப்பிட்டு, "அந்த மூணாவது வரியைக் கொஞ்சம் விளக்குங்க தம்பி" என்று கேளுங்கள். எழுதியவர் விளக்கிவிடுவார்.

செமஸ்டர் முடிந்ததும் நல்ல உரையாடல்களை அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு மாதிரியாகக் காட்ட ஆசை வரும். எழுதியவர்களிடம் கேட்டு, பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு, மூன்றுக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றாவது சுமாரானதாக இருக்கட்டும். எல்லாமே பிரமாதமாக இருந்தால் புதிதாக வரும் பிள்ளை முதல் வாரமே பேனாவை மூடிவிடும்.